மருத்துவப் படிப்பில் உளப்பகுப்பாய்வு: மலையக மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பேராதனையோ கொழும்போ யாழ்ப்பாணமோ மட்டக்களப்போ, எந்த மருத்துவ பீடத்துக்குப் போனாலும், நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டத் தோட்டங்களிலிருந்து போன பிள்ளைகள் உளமருத்துவப் பயிற்சிக்கு வந்ததும் உளப்பகுப்பாய்வு பற்றி ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். ஆளுக்கே தெரியாத மனதின் பகுதியை, அதாவது நனவிலியை, பேச்சின் வழியே புரிந்துகொள்ள வியன்னா வைத்தியர் ஃப்ராய்ட் தொடங்கிய சிகிச்சை முறைதான் உளப்பகுப்பாய்வு. உளமருத்துவ நிபுணராக வர விரும்புபவருக்கு மட்டும் இந்த விடைகள் எழுதப்படவில்லை. நாளைக்கு டிக்கோயாவிலோ நாவலப்பிட்டியிலோ வெளிநோயாளர் பிரிவில் உட்கார்ந்து, ஒரு காலையில் நூறு பேரைப் பார்க்கப்போகிறவரும் மனதில் இருக்கிறார்.

எம்.பி.பி.எஸ். படிப்பில் உளப்பகுப்பாய்வு தனிப் பாடமா?

இல்லை. ஐந்து வருடத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் வரும். ஆரம்ப வருடங்களில் நடத்தை அறிவியல் விரிவுரையில் ஃப்ராய்டின் பெயரும் இட், ஈகோ, சூப்பர் ஈகோ என்ற மூன்று சொல்லும் வந்து போகும். பிறகு உளமருத்துவத்தில் தற்காப்புப் பொறிமுறைகள் (தாங்கமுடியாத உணர்விலிருந்து மனம் தன்னைக் காத்துக்கொள்ளும் வழிகள்), உளச்சிகிச்சை வகைகள் பற்றி ஓரிரு விரிவுரைகள். அவ்வளவுதான். ஆனால் இறுதி ஆண்டில் உளமருத்துவ வாட்டில் கழிக்கும் எட்டு வாரங்களில், நோயாளியோடு நீண்ட நேரம் உட்கார்ந்து பேச உங்களுக்குக் கிடைக்கும் வாய்ப்பு வேறெந்த வாட்டிலும் கிடைக்காது. உளப்பகுப்பாய்வு கற்றுத்தரக்கூடிய பெரும்பகுதி அந்த வாரங்களில்தான் இருக்கிறது.

பரீட்சைக்கு எவ்வளவு தெரிந்திருக்க வேண்டும்?

எட்டுப் பொறிமுறைகள் போதும்: மறுத்தல், புறத்தேற்றம், இடப்பெயர்ப்பு, பின்னோக்கிச் செல்லல், நியாயம் கற்பித்தல், எதிர்வினையாக்கம், அறிவுமயமாக்கல், உயர்நிலைப்படுத்தல். வரைவிலக்கணத்தை மட்டும் எழுதினால் பாதிப் புள்ளிதான் வரும், உதாரணமும் வேண்டும். கங்காணியிடம் பேச்சு வாங்கியவர் லயத்துக்கு வந்து பிள்ளையை அடித்தால் அது இடப்பெயர்ப்பு. தன் மனதிலிருக்கும் கோபத்தைப் பக்கத்துக் காம்பராக்காரர் மேல் ஏற்றி, "அவன்தான் என்னப் பாத்து மொறைக்கிறான்" என்று சொன்னால் அது புறத்தேற்றம். இந்த இரண்டையும் குழப்புகிறவர்கள் நிறைய. முதலாவதில் உணர்வு தன்னுடையது என்று தெரிகிறது, ஆள்தான் மாறுகிறார். இரண்டாவதில் உணர்வே அடுத்தவருடையதாகி விடுகிறது.

இன்னொரு குழி: தெரிந்தே ஒன்றை ஒதுக்கி வைப்பதும், தெரியாமலே நனவிலிக்குள் தள்ளிவிடுவதும் ஒன்றல்ல. "சோதனை முடியும்வரை அதைப் பற்றி யோசிக்க மாட்டேன்" என்பது முதலாவது. இரண்டாவதை அந்த ஆளே சொல்ல முடியாது. சொல்ல முடிந்தால் அது நனவிலி அல்ல.

உளப்பகுப்பாய்வும் உளவியக்கச் சிகிச்சையும் ஒன்றா?

வேர் ஒன்று, அளவு வேறு. முழு உளப்பகுப்பாய்வில் வாரத்துக்கு மூன்று முதல் ஐந்து நாள், ஒவ்வொன்றும் 45 முதல் 50 நிமிடம், பெரும்பாலும் படுத்த நிலையில், பல வருடங்கள். உளவியக்கச் சிகிச்சை வாரத்துக்கு ஒன்று அல்லது இரண்டு தடவை, நேருக்கு நேர் உட்கார்ந்து. குறுகிய கால வடிவங்கள் 8 முதல் 24 அமர்வுகளில் முடியும். பேராதனையிலோ பதுளையிலோ ஒரு நோயாளிக்குக் கொடுக்கக்கூடியது இந்த இரண்டாவதின் சுருங்கிய வடிவம் மட்டுமே. ஒரு நாள் கிளினிக்குக்கு வந்தால் ஒரு நாள் பேர் (நாட்கூலி) போய்விடும். பஸ் காசு வேறு. வாரத்துக்கு நான்கு தடவை வரச்சொல்வது நடக்கிற காரியமல்ல. ஆனால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, அதே கிழமை, அதே நேரம், அதே அறை, அதே 40 நிமிடம் என்று வைத்துக்கொள்ள முடியும். நேரம் மாறாமல் இருப்பதே சிகிச்சையின் ஒரு பகுதி என்பதை நோயாளிகள் நம்மை விடச் சீக்கிரம் புரிந்துகொள்கிறார்கள்.

மருத்துவக் கல்விக்குள் இதைக் கொண்டுவர எங்காவது முயன்றிருக்கிறார்களா?

பல இடங்களில். ஃப்ராய்ட் தானே 1881இல் வியன்னாவில் மருத்துவப் பட்டம் பெற்றவர். 1885–86இல் பாரிசில் ஷார்கோவிடம் நரம்பியல் பயிலப் போனார். புடாபெஸ்டில் மருத்துவ மாணவர்களே மனுக் கொடுத்து, 1919இல் ஃப்ராய்டின் சகாவான ஃபெரென்ஸி பல்கலைக்கழகத்தில் உளப்பகுப்பாய்வுப் பேராசிரியரானார். ஆட்சி மாறியதும் சில மாதங்களில் அந்தப் பதவி போயிற்று. 1920இல் பெர்லினில் திறந்த இலவச கிளினிக்கில்தான் இன்றுவரை நிற்கும் மூன்று கால் பயிற்சி முறை உருவானது: தான் சிகிச்சைக்கு உட்படுதல், மேற்பார்வையில் நோயாளியைப் பார்த்தல், பாடவகுப்பு. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்க உளமருத்துவப் பயிற்சியை உளப்பகுப்பாய்வே ஆண்டது. 1980இல் வந்த டி.எஸ்.எம். என்ற அமெரிக்க உளநோய் வகைப்பாட்டுக் கையேட்டின் மூன்றாம் பதிப்பு, உள்மனப் போராட்டத்தால் வருவதாக ஃப்ராய்ட் கண்ட 'நியூரோசிஸ்' என்ற வகைப்பாட்டை ஓரங்கட்டியது அந்த ஆதிக்கம் சரிந்ததன் அடையாளம்.

நமக்குக் கிட்டிய உதாரணம் கல்கத்தா. கிரீந்திரசேகர் போஸ் என்ற வைத்தியர் 1922இல் இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தைத் தொடங்கினார். ஃப்ராய்டோடு கடிதத்தில் வாதாடியவர். மேற்கத்திய நோயாளிகளிடம் கண்டதெல்லாம் வங்காள நோயாளிகளிடம் அப்படியே வருவதில்லை என்று நேராகவே எழுதினார். அந்தத் துணிவு நமக்கும் வேண்டும்.

மாணவர்களுக்கு மிகவும் பொருந்தியது லண்டன் யூனிவர்சிட்டி காலேஜ் வைத்தியசாலையில் 1950களின் கடைசியில் தொடங்கிய முறை. மருத்துவ மாணவர் ஒருவர் ஒரே நோயாளியை வாரம் ஒருமுறை ஏறக்குறைய ஒரு வருடம் பார்ப்பார். வாரந்தோறும் சிறு குழுவில் மேற்பார்வை நடக்கும். இங்கே எட்டு வாரத்துக்குள் அதில் ஒரு துண்டையாவது செய்யலாம்.

உளப்பகுப்பாய்வாளராகவே ஆக வேண்டுமென்றால்?

முதலில் எம்.பி.பி.எஸ்., ஒரு வருட உள்ளகப் பயிற்சி, மருத்துவ சபைப் பதிவு. பிறகு கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவனத்தில் உளமருத்துவ எம்.டி. அதன் இறுதிக் கட்டத்தில் வெளிநாட்டுப் பயிற்சி வருகிறது. உளச்சிகிச்சையில் ஆர்வமுள்ளவர்கள் அந்த இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போதே அங்கே உளவியக்கச் சிகிச்சை மேற்பார்வை உண்டா என்று கேட்டு வைப்பது நல்லது. போன பிறகு கேட்டால் பிந்திவிடும்.

உளப்பகுப்பாய்வாளர் என்ற தகுதி இதற்கு வெளியே, 1910இல் உருவான சர்வதேச உளப்பகுப்பாய்வுச் சங்கத்தின் உறுப்புச் சங்கங்கள் வழியாக வருவது. இலங்கையில் அப்படியொரு சங்கம் இல்லை, பக்கத்தில் இருப்பது இந்தியாவில்தான். பல வருடச் சொந்தப் பகுப்பாய்வு, மேற்பார்வையில் குறைந்தது இரண்டு நீண்ட கால நோயாளிகள், வகுப்புகள் என்று போகும். இணையவழி அமர்வுகளை எந்த அளவுக்கு ஏற்பார்கள் என்பது சங்கத்துக்குச் சங்கம் வேறுபடும். விண்ணப்பிக்கும் முன் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

ஒரு பக்கக் குறிப்பு: இதற்கு வைத்தியராக இருக்கத் தேவையில்லை. 1926இலேயே ஃப்ராய்ட் வைத்தியரல்லாதவர்கள் சார்பில் ஒரு நூல் எழுதினார். அமெரிக்கச் சங்கம் மட்டும் நீண்ட காலம் கதவைச் சாத்தி வைத்திருந்து, வழக்கொன்றின் பின் 1988இல்தான் திறந்தது.

வாட்டில் நடைமுறையில் எதிலிருந்து தொடங்குவது?

சொல்லுக்குச் சொல் எழுதுவதிலிருந்து. இதைத்தான் எல்லாவற்றையும் விட முக்கியமாக நினைக்கிறோம்.

பேசும்போது குறிப்பெடுக்காதீர்கள். பேனா ஓடினால் காது நின்றுவிடும். 1912இலேயே ஃப்ராய்ட் இதை வைத்தியர்களுக்கு எச்சரிக்கையாகச் சொல்லியிருக்கிறார். பேச்சு முடிந்து ஒரு மணித்தியாலத்துக்குள் உட்காருங்கள். 40 நிமிடப் பேச்சை எழுத ஒன்று முதல் ஒன்றரை மணித்தியாலம் பிடிக்கும், நான்கைந்து பக்கம் வரும். பக்கத்தை நெடுக்காக மடித்து, இடப்பக்கம் பேச்சு, வலப்பக்கம் அந்த நேரத்தில் உங்களுக்குள் நடந்தது: அலுப்பு, பயம், பசி, கோபம், நேரத்தைப் பார்த்தது. மறந்துபோன இடத்தில் வரியை வெறுமையாக விடுங்கள், கற்பனையால் நிரப்ப வேண்டாம். எந்த இடம் மறந்தது என்பதே மேற்பார்வையில் பேசவேண்டிய விஷயம். மௌனத்தையும் எழுதுங்கள்.

இன்னொன்று, தமிழில் கேட்டதைத் தமிழிலேயே, பேச்சுத் தமிழிலேயே எழுதுங்கள். உடனே ஆங்கிலத்துக்கு மாற்றினால் "ஒரே யோசனையா இருக்கு" என்பது 'ஆங்ஸைட்டி' ஆகிவிடும். யோசனை என்ற சொல்லில் கவலையும் கணக்குப் பார்த்தலும் ஆளை நினைத்துக்கொண்டே இருப்பதும் சேர்ந்து கிடக்கிறது. அதில் எது என்று கேட்க வேண்டிய கேள்வி மொழிபெயர்ப்போடு செத்துப்போகும்.

ஒரு உதாரணம் காட்ட முடியுமா?

கீழே இருப்பது பயிற்சிக்காக அமைத்தது, எந்த நோயாளியுடையதும் அல்ல. 43 வயதுப் பெண், கொழுந்து பறிப்பவர், தலைவலிக்காக மூன்றாம் முறை வந்திருக்கிறார். இரத்த அழுத்தம், இரத்தச்சோகை, கண், நரம்பியல் பரிசோதனை எல்லாம் பார்த்தாயிற்று.

நோயாளி: தலவலிதாங்க. மூணு மாசமா விட்டபாடில்ல.
மாணவர்: மூணு மாசத்துக்கு முந்தி என்னமும் நடந்திச்சா?
நோயாளி: ஒன்னும் நடக்கல. (பேசாமல் இருக்கிறார். முந்தானை நுனியைச் சுருட்டுகிறார்.) மூத்தவ கொழும்புக்கு வேலைக்குப் போனா. அது நல்லதுதாங்க, சல்லி அனுப்புறா.
மாணவர்: ராத்திரி தூக்கம் வருதா?
நோயாளி: தூக்கம்... அவ படுத்த எடத்துலதான் இப்ப நான் படுக்குறேன்.
மாணவர்: சாப்பாடு?
நோயாளி: சாப்பிடுறேங்க.

வாட்டின் நோயாளர் குறிப்பில் இது எப்படிப் பதியும்? தலைவலி மூன்று மாதம், நெருக்கடி எதுவுமில்லை, தூக்கம் தெளிவில்லை, பசி சாதாரணம். சொல்லுக்குச் சொல் எழுதியதில் இருப்பது வேறு. "ஒன்னும் நடக்கல" என்ற பின்னால்தான் நடந்தது வருகிறது. தூக்கத்தைக் கேட்டால் இடத்தைச் சொல்கிறார். அந்த வரி முழு உரையாடலின் நடு. அங்கிருந்துதான் மாணவர் சாப்பாட்டுக்குத் தாவுகிறார்.

மேற்பார்வையாளர் இங்கே "என்ன நோய்?" என்று கேட்பதில்லை. "அந்த இடத்தில் ஏன் சாப்பாட்டுக்குப் போனீர்கள்?" என்றுதான் கேட்பார். கேள்விப் பட்டியலில் தூக்கத்துக்கு அடுத்தது பசி என்பது ஒரு காரணம். வீட்டில் தன் இடத்தில் இப்போது யார் படுக்கிறார்கள் என்று மாணவருக்கே ஒரு கணம் நினைவு வந்தது இன்னொரு காரணமாக இருக்கலாம். வலப்பக்கப் பத்தியில் எழுதவேண்டியது அதைத்தான்.

அடுத்த முறை செய்யவேண்டியது சிறியது. "மக படுத்த எடத்துல படுக்குறதா போன தடவ சொன்னீங்க" என்று சொல்லிவிட்டு நிறுத்துங்கள். அவ்வளவே. "மகளைப் பிரிந்த துக்கம்தான் தலைவலியாக வருகிறது" என்று விளக்கம் கொடுக்காதீர்கள். அது சரியாகவே இருந்தாலும், அவர் "ஆமாங்க" என்பார். துரைக்கும் ஆமாங்க, கணக்கப்பிள்ளைக்கும் ஆமாங்க, டாக்டருக்கும் ஆமாங்க. அந்த ஆமாங்கவுக்குப் பிறகு ஆள் கிளினிக்குக்கு வரமாட்டார்.

அந்தக் குறிப்பேட்டை எங்கே வைப்பது?

நோயாளியின் பெயர், தோட்டம், டிவிஷன், தொழில் எதுவும் அதில் இருக்கக்கூடாது. மேல்கணக்கா கீழ்க்கணக்கா (தோட்டத்தின் மேற்பிரிவா கீழ்ப்பிரிவா) என்ற ஒரு சொல் போதும், இங்கே யார் என்று கண்டுபிடித்துவிடுவார்கள். வைத்தியசாலைப் பதிவேட்டோடு சேர்க்க வேண்டாம். போனில் படமெடுக்க வேண்டாம், வட்ஸ்அப் குழுவில் போட வேண்டாம். மேற்பார்வை முடிந்ததும் மேற்பார்வையாளர் சொல்லும் விதமாக அழித்துவிடுங்கள்.

பாலின்ட் குழு என்றால் என்ன? நாங்களே தொடங்கலாமா?

மைக்கேல் பாலின்ட் ஹங்கேரியில் பிறந்த உளப்பகுப்பாய்வாளர். 1950களில் லண்டன் டாவிஸ்டொக் கிளினிக்கில் ஏனிட் பாலின்டோடு சேர்ந்து பொது வைத்தியர்களை உட்காரவைத்து, நோயாளியோடு அவர்களுக்கு இருந்த உறவைப் பேசவைத்தார். வைத்தியரும் ஒரு மருந்துதான், அந்த மருந்துக்கும் அளவும் பக்கவிளைவும் உண்டு என்பது அவருடைய கருத்து.

6 முதல் 12 பேர், ஒரு நடத்துநர், 60 முதல் 90 நிமிடம், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. ஒருவர் தன்னை விட்டுப் போகாத ஒரு நோயாளியைப் பற்றி, கோப்பு இல்லாமல், நினைவிலிருந்து ஐந்து முதல் பத்து நிமிடம் சொல்வார். தகவல் தெளிவுக்கு மட்டும் சில கேள்விகள். பிறகு சொன்னவர் கதிரையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு வாய் திறக்காமல் இருக்க, மற்றவர்கள் இருபது நிமிடமளவில் பேசுவார்கள்: அந்த நோயாளிக்கு எப்படி இருந்திருக்கும், வைத்தியருக்கு எப்படி இருந்திருக்கும். கடைசியில் சொன்னவர் திரும்பி வந்து விரும்பினால் பேசலாம்.

கெடுவது பெரும்பாலும் மூன்றாவது கூட்டத்தில். யாராவது "தைரொயிட் பார்த்தாயா?" என்று தொடங்குவார், குழு வாட் ரவுண்டாகிவிடும். அல்லது எல்லாரும் ஆலோசனை சொல்லத் தொடங்குவார்கள், சொன்னவர் குற்றவாளிக் கூண்டில் நிற்பது போலாகிவிடும். நடத்துநர் இதை அந்த இடத்திலேயே நிறுத்த வேண்டும். மாணவர்கள் தாங்களாகவே தொடங்கலாம், ஆனால் நடத்துநராக உங்களுக்குப் புள்ளி போடாத ஒரு மூத்த வைத்தியர் இருந்தால்தான் நிலைக்கும். புள்ளி போடுகிறவர் முன்னால் யாரும் தன் தவறைச் சொல்லப்போவதில்லை.

நோயாளி "எந்தத் தோட்டம் தம்பி?" என்று கேட்கிறார். சொல்லலாமா?

ஊரை மறைப்பது இங்கே மரியாதைக் குறைவு. ஆனால் ஏன் கேட்கிறார் என்பதைக் கவனிக்காமல் விடுவதும் தவறு. ஒற்றை வரியில் பதில் சொல்லிவிட்டு, "தெரிஞ்சவங்க இருக்காங்களா அங்க?" என்று திரும்பக் கேளுங்கள். சிலருக்கு இது வெறும் வழக்கம். சிலர் தான் சொல்வது ஊருக்குப் போய்விடுமோ என்ற பயத்தில் கேட்கிறார்கள். அப்படியென்றால் இரகசியம் பற்றி அப்போதே, தெளிவாகப் பேசவேண்டும்.

இதற்குப் பின்னால்தான் டிரான்ஸ்ஃபரன்ஸ் வருகிறது: பழைய உறவொன்றின் உணர்வை முன்னால் இருப்பவர் மேல் வைத்துப் பார்ப்பது. மலையக வாட்டில் அதற்கு இரண்டு முகம். ஒருவர் உங்களைத் "தொர" என்பார், உட்காரச் சொன்னாலும் நிற்பார், எதையும் மறுக்கமாட்டார். இன்னொருவர் "நம்ம புள்ள டாக்டராயிருச்சி" என்று கையைப் பிடித்துக்கொள்வார். இரண்டாவது இனிப்பாக இருக்கும், ஆபத்தும் அதில்தான் அதிகம். நம்ம பிள்ளையிடம் கணவனின் குடியைச் சொல்லலாம். ஆனால் அந்தப் பிள்ளையின் மேல் கோபப்படவோ, மருந்து சாப்பிடவில்லை என்று ஒத்துக்கொள்ளவோ முடியாது. உங்கள் பக்கத்திலும் ஒன்று நடக்கும். கூடுதலாகச் செய்ய வேண்டும், வரிசையை மீற வேண்டும், போன் நம்பர் கொடுக்க வேண்டும் என்ற உந்துதல் வரும். அதைச் செய்யுமுன் வலப்பக்கப் பத்தியில் எழுதுங்கள்.

எங்களையே மொழிபெயர்க்கக் கூப்பிடுகிறார்கள். என்ன செய்வது?

தமிழ் தெரியாத நிபுணருக்கும் சிங்களம் தெரியாத நோயாளிக்கும் நடுவில் நிற்கும் மாணவர் இங்கே அன்றாடக் காட்சி. அந்த வேலையையும் ஒழுங்காகச் செய்யலாம். நோயாளியும் நிபுணரும் ஒருவரையொருவர் பார்க்கும்படி வைத்து, நீங்கள் நோயாளிக்குச் சற்றுப் பின்னால் பக்கவாட்டில் உட்காருங்கள். "அவர் சொல்கிறார்" என்று தொடங்காமல் "நான்" என்றே சொல்லுங்கள். ஓரிரு வாக்கியத்துக்கு ஒருமுறை நிறுத்துங்கள், சுருக்காதீர்கள். மொழிபெயர்க்க முடியாத சொல்லைத் தமிழிலேயே சொல்லிவிட்டு விளக்குங்கள். "மனசு விட்டுப்போச்சு" என்பதை 'டிப்ரஷன்' என்று நீங்கள் மாற்றினால், நோய் நிர்ணயத்தை நீங்கள் செய்து முடித்துவிட்டீர்கள். முடிந்ததும் ஐந்து நிமிடம் நிபுணரோடு தனியாகப் பேசுங்கள். கேட்டதைச் சுமந்துகொண்டு விடுதிக்குப் போகாமல் இருக்க அது உதவும்.

கணவன், மாமியார், பிள்ளை ஆகியோரை மொழிபெயர்க்க வைக்கவே வேண்டாம்.

நோயாளி ஏற்கெனவே கோடாங்கியிடம் போய் வந்திருக்கிறார். அது சிகிச்சைக்கு எதிர்ப்பா?

அல்ல. உடுக்கடித்துக் குறி சொல்பவர் என்ன சொன்னார், யாருடைய ஆவி என்றார், என்ன பரிகாரம், செய்தபின் எப்படி இருந்தது என்று கேளுங்கள். குடும்பத்துக்குள் யாரும் வாய் திறந்து சொல்லாத ஒரு மரணமோ காணிச் சண்டையோ நின்றுபோன கல்யாணமோ அந்தப் பதிலில் இருக்கக்கூடும். பேராதனையில் கற்பித்த மானிடவியலாளர் கணநாத் ஒபயசேகர, கதிர்காமத்துச் சடைமுடித் துறவிகளைப் பற்றி 1981இல் எழுதிய நூலில், பண்பாடு தரும் குறியீடு தனிமனிதரின் ஆழ்மனத் துயரத்துக்கு உருவம் கொடுப்பதைக் காட்டினார். இந்தத் துறையில் இலங்கையிலிருந்து உலகுக்குப் போன முக்கியமான பங்களிப்பு அது. ஃப்ராய்டைப் படிக்கும் முன் அவரைப் படித்தாலும் தவறில்லை.

சூடு வைப்பது, பட்டினி போடுவது, மருந்தை நிறுத்தச் சொல்வது என்று வந்தால் கதை வேறு. அதை அப்போதே தடுக்க வேண்டும்.

கனவு?

பஞ்சாங்கத்தில் பாம்பு கனவுக்கு ஒரே பலன். ஃப்ராய்டிடம் அப்படி இல்லை. கனவின் ஒவ்வொரு துண்டுக்கும் கண்டவருக்கு என்ன நினைவு வருகிறது என்று கேட்பதுதான் முறை. மாணவராக இருக்கும்போது கனவை நோயாளி தானாகச் சொன்னால் கேட்டு, எழுதி வையுங்கள். பொருள் சொல்ல வேண்டாம்.

எந்த நோயாளியோடு இப்படிப் பேசவே கூடாது?

இதில்தான் ஆர்வமுள்ள மாணவர்கள் சறுக்குகிறார்கள். கால் முறிந்து சத்திரசிகிச்சை வாட்டில் சேர்ந்தவர், மூன்றாம் நாள் இரவு சுவரில் பூச்சி ஊர்கிறது என்கிறார், கை நடுங்குகிறது, வியர்க்கிறது. அது நனவிலி அல்ல, கசிப்பு (கள்ளச்சாராயம்) நின்றதன் விளைவு. கடைசிக் குடிக்குப் பின் 48 முதல் 96 மணித்தியாலத்துக்குள் வரும் இந்தக் குழப்பநிலை ஆளைக் கொல்லக்கூடியது. பென்சோடயசெபின் என்ற அமைதிப்படுத்தும் மருந்தும் தயமினும் (வைட்டமின் பி1) தான் தேவை. குளுக்கோசுக்கு முன் தயமின் என்பதை மறக்க வேண்டாம்.

அதேபோல் தீவிர மனச்சிதைவு, மேனியா, மூளைக் காய்ச்சல், பிரசவத்துக்குப் பின் திடீரென வரும் குழப்பம் ஆகியவற்றில் ஆழத்தைத் தோண்டினால் கேடுதான். வலிப்புப் போல வருவதை 'ஹிஸ்டீரியா' என்று எழுதுமுன் இன்னொரு முறை யோசியுங்கள். "ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை, ஆகவே மனம்" என்பது நோய் நிர்ணயம் அல்ல. கால் செயலிழப்பில் ஹூவர் அறிகுறி (மற்றக் காலைத் தூக்கும்போது, செயலிழந்த கால் தானாகக் கீழே அழுத்துவது) போல, நேரான சான்று காட்டவேண்டும்.

தற்கொலை எண்ணம் இருக்கலாம் என்று தோன்றினால் மற்றதெல்லாம் பிறகு. நேராகக் கேளுங்கள்: "செத்துப்போகலாம்னு தோணுதா? எப்படின்னு யோசிச்சீங்களா? மருந்து வீட்டுல இருக்கா?" கேட்பதால் எண்ணம் வராது. தோட்டத்தில் 'மருந்து' என்றால் பூச்சிநாசினியும்தான். 1995இலும் பின்னர் 2008–2011இலும் கடும் நச்சுப் பூச்சிநாசினிகளைத் தடை செய்ததால்தான் இலங்கையின் தற்கொலை வீதம் பெரிதும் இறங்கியது. எட்டாத தூரத்தில் வைப்பது உயிர் காக்கும் என்பதற்கு நாடே சாட்சி. வீட்டிலுள்ளதை அகற்றச் சொல்லுங்கள், மூத்தவருக்கு அன்றே அறிவியுங்கள். தேசிய உளநல நிறுவனத்தின் 1926 இலக்கத்துக்கு எந்நேரமும் அழைக்கலாம் என்பதையும் எழுதிக் கொடுங்கள்.

இதற்கெல்லாம் சான்று உண்டா? காலாவதியானது என்கிறார்களே?

இரண்டு பக்கமும் பாதி உண்மை. மனச்சோர்வுக்குக் குறுகிய கால உளவியக்கச் சிகிச்சையைப் பிரித்தானியாவில் சிகிச்சை வழிகாட்டிகளை வெளியிடும் நைஸ் நிறுவனத்தின் வழிகாட்டி 2022இல் தெரிவுகளில் ஒன்றாக வைத்திருக்கிறது. எல்லைநிலை ஆளுமைச் சிக்கலுக்கு, பேட்மனும் ஃபொனகியும் உளப்பகுப்பாய்விலிருந்து உருவாக்கிய முறை சோதனைகளில் நின்றிருக்கிறது. ஜேர்மனியில் 1967 முதல் காப்புறுதியே பணம் கொடுக்கிறது. மறுபுறம், எண்ணச் சுழற்சி நோய்க்கு (ஓ.சி.டி.) அதற்கென உள்ள நடத்தைச் சிகிச்சையும் எஸ்.எஸ்.ஆர்.ஐ. மருந்தும் இருக்கையில் அங்கே இதை முதலில் கையிலெடுப்பது பிழை. பெண் மனம் பற்றி ஃப்ராய்ட் எழுதியவற்றில் பலதை இன்று யாரும் தாங்கிப் பிடிப்பதில்லை.

நானும் சிகிச்சைக்குப் போக வேண்டுமா?

பட்டப் படிப்புக்குக் கட்டாயமில்லை. நோயாளியின் பேச்சு இரவில் தூங்கவிடாமல் செய்தால் போவது புத்திசாலித்தனம். உங்களுக்குப் பரீட்சை வைக்கும் ஆளிடம் மட்டும் போகாதீர்கள்.

முதலில் எதைப் படிப்பது?

1915–17இல் வியன்னாப் பல்கலைக்கழகத்தில் ஃப்ராய்ட் நிகழ்த்திய 28 அறிமுக விரிவுரைகள். நாத்தவறுதல், பிறகு கனவு, பிறகு நியூரோசிஸ் என்று ஏறிப் போகும். முதல் விரிவுரையில், எதையும் கண்ணால் பார்த்தே பழகிய மருத்துவ மாணவருக்கு வெறும் பேச்சால் நடக்கும் சிகிச்சை ஏன் நம்பமுடியாமல் இருக்கிறது என்று விளக்குகிறார். நூறு வருடத்துக்குப் பிறகும் அது பொருந்துகிறது. முதல் நான்கைப் படித்துவிட்டு வாட்டுக்குப் போங்கள், மிச்சத்தை வந்து படிக்கலாம்.

எட்டு வாரம் முடிந்து வாட்டை விட்டுப் போகும்போது?

முடிவு முதல் நாளிலேயே தொடங்க வேண்டும். "நான் மாணவர், இன்ன தேதி வரைக்கும்தான் இங்க இருப்பேன்" என்று முதல் பேச்சில் சொல்லுங்கள். மூன்று வாரம் இருக்கும்போது மறுபடி சொல்லுங்கள், கடைசி முறையும் சொல்லுங்கள். சொல்லாமல் போவது பெரிய பிழை. ஏற்கெனவே ஆட்கள் சொல்லாமல் போன வாழ்க்கையாக அது இருக்கலாம். கடைசித் தடவைக்கு நோயாளி வராமல் விடுவது அடிக்கடி நடக்கும், அது உங்கள் மேலுள்ள கோபமாகவும் இருக்கலாம். ஒரு பை கரட்டோ லீக்சோ தேத்தூளோ கொண்டுவந்தால், இங்குள்ள வழக்கப்படி வாங்கி நன்றி சொல்லி, மேற்பார்வையாளருக்கும் தெரியப்படுத்துங்கள். பணமோ நகையோ என்றால் வாங்கக்கூடாது.

போன் நம்பருக்குப் பதிலாக, கிளினிக் கொப்பியில் அடுத்த தேதியையும் அன்றைக்குப் பார்க்கப்போகும் வைத்தியரின் பெயரையும் எழுதிக் கொடுங்கள். முடிந்தால் அந்த வைத்தியரை அழைத்து வந்து முகம் காட்டிவிட்டுப் போங்கள். அவருக்கு நீங்கள் விட்டுச்செல்லும் குறிப்பில், மருந்தளவுக்குக் கீழே, நோயாளியின் சொல்லிலேயே ஒரு வரி இருக்கட்டும்: "மகள் படுத்த இடத்தில் படுக்கிறார்."